ரேஷன் அட்டை: விண்ணப்பிக்கும் முன்பும் பின்பும் எழும் கேள்விகள்

தமிழ்நாட்டில் குடும்ப அட்டை கேட்டு வருபவர்களுக்கு மனு எழுதித் தரும் வேலையில் இருக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், தனியாக வாழும் முதியவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. விலையும் அளவும் அரசாணைப்படி அவ்வப்போது மாறும். ஐயம் வந்தால் 1967 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் எவ்வளவு சம்பாதித்தால் அட்டை கிடைக்காது? வருமானச் சான்று வாங்க வேண்டுமா?

வேண்டாம். தமிழ்நாட்டில் இருப்பது எல்லோருக்குமான பொது விநியோகத் திட்டம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. தமிழ்நாடு அதை 2016 நவம்பரில்தான் ஏற்றது, அப்போதும் ‘எல்லோருக்கும்’ என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே புதிய அட்டைக்கு வருமானச் சான்று தேவையில்லை. தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்றுக்காகக் கூலியை இழந்து காத்திருந்துவிட்டு, பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் உங்கள் வறுமை எந்த இடத்திலும் கணக்கில் வராது என்று எண்ணிவிடாதீர்கள். அட்டையின் வகையை முடிவு செய்யும்போது அது வரும். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

தனியாக இருப்பவருக்கு அட்டை உண்டா?

உண்டு. தமிழ்நாட்டில் வசிக்க வேண்டும், தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும், வேறு எந்த அட்டையிலும் பெயர் இருக்கக்கூடாது. இவை பொருந்தினால் ஒற்றை ஆளும் ஒரு குடும்பம்தான். திருநங்கைகள் தங்கள் பெயரிலேயே அட்டை பெறலாம்.

‘தனிச் சமையல்’ என்பதை விசாரணைக்கு வருபவர் உண்மையிலேயே பார்ப்பார். ஒரே வீட்டில் அண்ணன் முன்கட்டிலும் தம்பி பின்கட்டிலும் இருந்தால், அடுப்பு எங்கே, பாத்திரங்கள் எங்கே, சிலிண்டர் யார் பெயரில் என்று கேட்பார். மண்ணெண்ணெய் அடுப்போ விறகு அடுப்போ இருந்தாலும் போதும், தனியாக இருக்க வேண்டும். கூட்டுக் குடும்பமாக ஒரே உலையில் சமைத்துக்கொண்டு, அட்டையை மட்டும் இரண்டாக்க நினைத்தால் மனு தள்ளுபடியாகும்.

என்னென்ன ஆவணங்கள் எடுத்து வைக்க வேண்டும்?

குடும்பத்தினர் அனைவரின் ஆதார், குடும்பத் தலைவரின் புகைப்படம், முகவரிச் சான்று ஒன்று. சிறு குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். எரிவாயு இணைப்பு இருந்தால் அதன் நுகர்வோர் எண்ணையும் கேட்பார்கள்.

குடும்பத் தலைவராக வீட்டில் உள்ள 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணைக் குறிப்பிடுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பெண்கள் பெயரில் வரும் உதவித் தொகைகளுக்கு மனுப் போடும்போதும் இது வசதி.

வாடகை வீடு. வீட்டுக்காரர் மின்கட்டண ரசீது தர மறுக்கிறார். என்ன செய்வது?

அட்டை வாங்கிவிட்டால் வீட்டைக் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயம் சில வீட்டுக்காரர்களுக்கு இருக்கிறது. ரேஷன் அட்டை யாருக்கும் வீட்டின் மேல் உரிமை தருவதில்லை என்று அமைதியாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் இணங்காவிட்டால் அவர் கையை எதிர்பார்க்கத் தேவையில்லை. உங்கள் பெயரில் அந்த முகவரிக்கு வரும் எரிவாயு ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், வாக்காளர் அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். கையில் எதுவுமே இல்லாதவர்கள், அருகில் உள்ள வங்கியிலோ அஞ்சலகத்திலோ இப்போதைய முகவரியில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

குடிசை மாற்று வாரிய (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒதுக்கீட்டு ஆணையே சான்று.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாமா, நானே செய்யலாமா?

இரண்டும் சரி. டி.என்.பி.டி.எஸ். எனப்படும் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் தமிழிலேயே படிவம் இருக்கிறது, செல்போனிலும் நிரப்பலாம். யார் நிரப்பினாலும் மூன்று இடங்களை நீங்களே கண்ணால் பார்த்த பிறகுதான் சமர்ப்பிக்க விட வேண்டும்.

முதலாவது, செல்போன் எண். மையத்தில் இருப்பவர் அவசரத்தில் தன் எண்ணைப் போட்டுவிடுவார். பிறகு ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.), கடையில் பொருள் போட்டதற்கான குறுஞ்செய்தி எல்லாம் அவருக்கே போகும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் கையில் நிலையாக இருக்கும் எண்ணையே கொடுங்கள்.

இரண்டாவது, அட்டை வகை. படிவத்தில் அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, பண்டகமில்லா அட்டை என்று கேட்கும். ‘பண்டகமில்லா’ என்பதைத் தொட்டுவிட்டால் வருவது வெறும் முகவரிச் சான்றுதான், ஒரு பிடி அரிசி கிடைக்காது. அரிசி அட்டை என்பதையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பெயரும் பிறந்த தேதியும். ஆதாரில் உள்ளது போலவே இருக்கட்டும். தமிழில் தட்டச்சாகும்போது ‘செல்வி’ ‘சேல்வீ’ ஆகிவிடுவது சாதாரணம். பின்னால் திருத்துவதற்குத் தனி மனு, தனி அலைச்சல்.

சமர்ப்பித்ததும் குறிப்பு எண் ஒன்று வரும். அதை ஆதார் நகலின் பின்பக்கம் எழுதி வையுங்கள். செல்போன் தொலைந்தாலும் அது இருக்கும்.

திருமணமாகி ஓராண்டு ஆகிறது. ‘ஆதார் எண் ஏற்கெனவே உள்ளது’ என்று வருகிறதே?

உங்கள் பெயரோ கணவர் பெயரோ இன்னும் பெற்றோரின் அட்டையில் இருக்கிறது. ஓர் ஆதார் ஓர் அட்டையில்தான் இருக்க முடியும். முதலில் இரு வீட்டு அட்டைகளிலும் ‘உறுப்பினர் நீக்கம்’ கொடுக்க வேண்டும். அதே இணையதளத்தில் செய்யலாம், திருமணச் சான்று கேட்பார்கள். நீக்கம் ஒப்புதலான பின்பே புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

இந்த இடத்தில் குடும்பத்துக்குள் மனக்கசப்பு வருவதைப் பார்க்கிறேன். பெயர் போனால் அரிசி குறையுமே என்று மாமியார் வருந்துவார். முன்னுரிமை அட்டையாக இருந்தால் (இந்த வகைகளைப் பின்னால் சொல்கிறேன்) ஆளுக்கு 5 கிலோ வீதம் குறையக்கூடும் என்பது உண்மை. முன்னுரிமையற்ற அட்டையில் மூன்று பெரியவர்களுக்கு மேல் இருந்தால் 20 கிலோ அப்படியேதான் வரும், ஒருவர் பெயர் போவதால் ஒன்றும் குறையாது. அட்டையைப் பார்த்து அவர்களிடம் இதை எடுத்துச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கணவர் விட்டுப் போய்விட்டார். விவாகரத்து ஆகவில்லை. அவர் அட்டையில்தான் என் பெயரும் பிள்ளைகள் பெயரும் இருக்கின்றன.

நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் அத்துடன் திரும்பி வந்துவிடாதீர்கள். கணவரால் கைவிடப்பட்டுத் தனியே வாழும் பெண்களுக்கு, கள விசாரணை செய்து, உங்களிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கிப் புது அட்டை வழங்க வழி இருக்கிறது. இணையதளத்தில் இது சிக்கும், ஏனென்றால் நீக்கத்துக்கான கடவுச்சொல் கணவரின் செல்போனுக்குப் போகும். ஆகவே நேராக, தாலுகாவில் ரேஷன் அட்டைகளைக் கவனிக்கும் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மனுவாகக் கொடுங்கள். எப்போதிலிருந்து தனியே இருக்கிறீர்கள், பிள்ளைகள் யாரிடம், எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த ரசீது, குடும்ப நல வழக்கு எண் போன்றவை இருந்தால் நகல் வையுங்கள். இல்லாவிட்டாலும் மனுவைக் கொடுக்கலாம். விசாரணைக்கு வருபவர் அக்கம்பக்கத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வார்.

என்னிடம் வருபவர்களிலேயே அதிகமாகத் தயங்கி நிற்பவர்கள் இவர்கள்தான். கணவர் பெயர் இல்லாத அட்டை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விண்ணப்பித்து எத்தனை நாளில் வரும்?

15 நாட்களில் வழங்குவதாக அரசு 2021இல் அறிவித்தது. நடைமுறையில் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. தேர்தல் காலங்களிலும், 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கான பணிகள் நடந்தபோதும், புதிய அட்டை வழங்குவது நீண்ட நாட்கள் நின்றது.

இணைய விண்ணப்பம் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போகும். சென்னையில் மண்டல உதவி ஆணையர் அலுவலகம். பிறகு கள விசாரணை, அதற்குப் பிறகு ஒப்புதல். எல்லோரும் வேலைக்காக வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் குடும்பங்களுக்குத்தான் விசாரணை கட்டம் சிக்கல். வந்தவர் பூட்டிய வீட்டைப் பார்த்து ‘முகவரியில் இல்லை’ என்று எழுதிவிடுகிறார். விண்ணப்பித்த உடனே பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கொடுங்கள்.

‘நிராகரிக்கப்பட்டது’ என்று வந்துவிட்டது. இனி முடியாதா?

முடியும். காரணத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இணையதளத்தில் ஒற்றை வரியாகத்தான் இருக்கும்: ஆவணம் தெளிவில்லை, தனிச் சமையல் இல்லை, வீடு பூட்டியிருந்தது. குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. காரணம் தவறு என்றால் மாவட்ட வழங்கல் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

காரணமே சொல்லாமல் அலைக்கழித்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘என் விண்ணப்பம் எந்த நாளில், யாரால், எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டது, கள விசாரணை அறிக்கையின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். இந்த ஒரு தாளுக்கு அலுவலகங்களில் இருக்கும் மரியாதை, பலமுறை நேரில் போய் நிற்பதற்கு இருப்பதில்லை.

அட்டை வந்துவிட்டது. அதில் உள்ள ஆங்கில எழுத்துகள் என்ன?

அட்டை கையில் வந்ததும் எல்லோரும் புகைப்படத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் முன்பக்கத்தில் உள்ள அந்தக் குறியீட்டைப் பாருங்கள். உங்கள் வீட்டு உலையில் எவ்வளவு அரிசி வேகும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றால் அந்தியோதயா. மிக வறிய குடும்பங்களுக்கானது, வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் மாதம் 35 கிலோ அரிசி. பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம், ஆளுக்கு 5 கிலோ என்பது சட்டப்படியான உரிமை. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமையற்றது, குடும்ப அளவைப் பொறுத்து 12 கிலோ முதல் 20 கிலோ வரை, அதற்கு மேல் இல்லை. இதே எழுத்துகளுடன் எஸ். சேர்ந்திருந்தால் அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை. என்.சி. சேர்ந்திருந்தால் பொருள் எதுவும் இல்லை.

அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வழங்கப்படுகிறது. சர்க்கரை கிலோ 25 ரூபாய், அந்தியோதயா அட்டைக்கு 13 ரூபாய் 50 காசு. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இருப்பைப் பொறுத்துக் கோதுமையும் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் உள்ள கூலிக் குடும்பம் முன்னுரிமையற்ற அட்டையில் 20 கிலோ வாங்குகிறது. அதே குடும்பம் முன்னுரிமையில் இருந்தால் 30 கிலோ. மாதாமாதம் 10 கிலோவை வெளிச்சந்தையில் வாங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம். தங்கள் அட்டை எந்த வகை என்றே அவர்களுக்குத் தெரியாது.

அப்படியானால் முன்னுரிமைக்கு மாறுவது எப்படி?

வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மனு கொடுக்க வேண்டும். அந்தியோதயாவுக்கும் அப்படியே. மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம்.

யாரை முன்னுரிமையில் சேர்க்கக்கூடாது என்று 2017இல் அரசு வெளியிட்ட விதிகளில் வருமான வரியோ தொழில் வரியோ கட்டுவோர், அரசு ஊழியர்கள், 5 ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர்கள், வீட்டில் ஏ.சி. வைத்திருப்பவர்கள், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட கான்கிரீட் வீடு உள்ளவர்கள், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் உள்ளவர்கள் வருகிறார்கள். கைம்பெண்ணைத் தலைவியாகக் கொண்ட குடும்பம், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பம், முதியோர் உதவித்தொகை பெறுவோர், நிலமற்ற விவசாயக் கூலிகள் ஆகியோர் சேர்க்கப்பட வேண்டியவர்கள்.

வருமானச் சான்று இந்த இடத்தில் உதவும். அதோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை ஆணை, நூறு நாள் வேலை அட்டை என உங்கள் நிலையைக் காட்டும் எதையும் இணையுங்கள். மனுவில் ‘வறுமையில் வாடுகிறோம்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. ‘வீட்டில் ஆறு பேர், சம்பாதிப்பவர் ஒருவர், கட்டட வேலை, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, மூத்த மகனுக்குக் கால் செயல்படாது, ஓட்டு வீடு’ என்று எழுதுங்கள். படிப்பவர் கண்முன் உங்கள் வீடு தெரிய வேண்டும். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பு இருப்பதால் உடனே நடக்காமல் போகலாம். வசதி வந்தவர்களும் இறந்தவர்களும் பட்டியலிலிருந்து போகப் போக இடம் காலியாகும். அப்போது முத்திரை வாங்கிய மனு உங்களிடம் இருக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கைரேகை விழுவதில்லை. கடையில் பொருள் தர மறுக்கிறார்கள்.

பாத்திரம் தேய்த்தும் களை பறித்தும் தேய்ந்த விரல்களில் ரேகை விழாமல் போவது இயல்பு. ரேகை விழவில்லை என்பதற்காக அரிசியை மறுக்கக்கூடாது. குடும்பத்தில் வேறு யாராவது விரல் வைக்கலாம். பல கடைகளில் கண் கருவிழிப் பதிவு வந்துவிட்டது. செல்போனுக்கு வரும் கடவுச்சொல்லைக் கொண்டும் வழங்கலாம்.

நடக்க முடியாதவர்கள் சார்பில் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் உண்டு, கடையிலேயே கேளுங்கள். தனித்து வாழும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் அம்மாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

பருப்பு வாங்கவே இல்லை, வாங்கியதாகச் செல்போனில் செய்தி வருகிறது.

அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். அன்றே கடையில் காட்டிக் கேளுங்கள். பொருளும் வராமல் பதிலும் வராவிட்டால் 1967இல் அட்டை எண், கடை எண், தேதி சொல்லிப் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்குங்கள். ‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா’ என்றால் இணையதளத்தில் அந்தக் கடையின் இருப்பைப் பார்க்கலாம்.

பல கடைகளில் ஒரே ஆள் எடை போட்டு, பில் போட்டு, கூட்டத்தையும் சமாளிக்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லாத் தவறும் திருட்டல்ல. முதலில் பேசுங்கள், பிறகு எழுதுங்கள்.

அரிசியில் வெள்ளை வெள்ளையாக வேறு மாதிரி மணிகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் அரிசியா?

இல்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து மணியாக வார்த்து, நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறார்கள். நிறம் சற்று வேறாக இருக்கும், கழுவும்போது சில மிதக்கும். பொறுக்கி எறிய வேண்டாம், அதில்தான் சத்து இருக்கிறது.

புழு, கட்டி, பூஞ்சை நாற்றம் இருந்தால் அது வேறு விஷயம். அங்கேயே மாற்றித் தரச் சொல்லலாம்.

வேலைக்காக வேறு ஊருக்கு வந்துவிட்டோம். அங்கே வாங்க முடியுமா?

தமிழ்நாட்டுக்குள் வேறு கடையிலும் விரல் வைத்து வாங்கலாம். நிலையாகக் குடியேறிவிட்டால் முகவரி மாற்றம் கொடுத்துவிடுங்கள், புதிய ஊர்க் கடைக்கு உங்கள் பங்கு வந்து சேரும். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. பீகார், ஒடிசா தொழிலாளர்கள் தங்கள் மாநில முன்னுரிமை அட்டையைக் காட்டி இங்கே தானியம் வாங்கலாம், பருப்பும் பாமாயிலும் கிடைக்காது. அதே போல முன்னுரிமை அட்டை வைத்திருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பம் பெங்களூருக்கு வேலைக்குப் போனாலும் அங்கே வாங்க முடியும்.

இடைத்தரகர் ஒருவர் பணம் கொடுத்தால் உடனே முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. இ-சேவை மையத்தில் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும் சேவைக் கட்டணம் மட்டும்தான், அதற்கும் ரசீது உண்டு. தரகர் செய்வதும் அதே படிவத்தை நிரப்புவதுதான்.

எங்கே முறையிட்டும் பலன் இல்லையென்றால்?

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை வட்டந்தோறும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் போன்ற சின்ன வேலைகள் பலவும் அங்கே அன்றே முடிந்துவிடும், அசல் ஆவணங்களோடு காலையிலேயே போங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டக் குறைதீர் அலுவலர் மாவட்ட வருவாய் அலுவலர்தான். அவர் முடிவிலும் நிறைவில்லையென்றால் தமிழ்நாடு மாநில உணவு ஆணையத்துக்கு எழுதலாம்.

முன்னுரிமை அல்லது அந்தியோதயா அட்டைக்குரிய தானியம் ஒரு மாதம் வழங்கப்படாமலே போனால், அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி கேட்கும் உரிமை அச்சட்டத்தின் 8ஆம் பிரிவில் இருக்கிறது. கேட்பவர்கள் மிகக் குறைவு. மனுவில் அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.